‘இன்சூரன்ஸ் இருக்கு’ என்றால் எது இருக்கிறது?

காரியம் முடிந்த வீடுகளில் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு கோப்பு வெளியே வரும். சில வீடுகளில் அது பிஸ்கட் டின். சில வீடுகளில் சாமி மேடைக்குக் கீழே இருக்கும் இழுப்பறை. காப்புறுதிப் பத்திரம், சந்தா கட்டிய ரசீது, வங்கிக் கடிதம், போன வருடத்து மோட்டார் காப்புறுதித் தாள், எப்போதோ வேலையை விட்டுப் போன முகவரின் பெயர் அட்டை எல்லாம் அதில் கலந்து கிடக்கும். “அண்ணே, இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கு. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று கூப்பிடுவார்கள்.

காப்புறுதி நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் ரவாங்கில் தெரிந்தவர்கள் வீட்டுக் கோப்புகள் என் கைக்கு வந்து சேர்கின்றன. நான் முகவர் இல்லை. விற்பதற்கு என்னிடம் எதுவும் கிடையாது. கோப்பைப் புரட்டும்போது நான் கேட்பது மூன்றே கேள்விகள்தான். இந்தத் தாள் யார் உயிர் மேல்? எது நடந்தால் பணம்? அந்தப் பணம் யார் கைக்கு? சந்தாவை மாதம் தவறாமல் கட்டிய குடும்பங்களில்கூட இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தவர்கள் குறைவு. ‘இன்சூரன்ஸ்’ என்பது ஒரே பொருள், அது இருந்தால் எல்லாவற்றுக்கும் இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம்.

மோட்டாரை எடுத்துக்கொள்வோம். செலாயாங், கெப்போங், சுங்கை பூலோ பக்கம் விடிவதற்கு முன்பே மோட்டாரில் வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள் நம் வட்டாரத்தில் எத்தனை பேர்! “சாலை வரி எடுக்கும்போதே இன்சூரன்ஸ் போட்டாச்சே” என்பார்கள். அது பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி. நம் மோட்டார் இடித்து அடுத்தவருக்கு அடிபட்டால் அவருக்குத்தான் அது பதில் சொல்லும். ஓட்டியவருக்குக் கால் முறிந்தாலும் உயிரே போனாலும் அதிலிருந்து ஒரு காசு வராது. பின்னால் உட்கார்ந்து வந்த தங்கைக்கும் இல்லை. தனியாக விபத்துக் காப்புறுதி எடுத்திருந்தால்தான் உண்டு.

காருக்கு முழுக் காப்புறுதி எடுத்தவர்களுக்கும் இதே கதைதான். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை தண்ணீர் நின்றது நினைவிருக்கும். வெள்ளம், நிலச்சரிவு போன்ற இயற்கைப் பேரிடர்களுக்குக் கூடுதல் சந்தா கட்டிச் சேர்த்துக்கொள்ளாத முழுக் காப்புறுதி, வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு ஒன்றும் தராது.

ஆனால் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இன்னொரு பாதுகாப்பு இருப்பதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. அதுதான் சொக்சோ. வேலையிடத்தில் நடக்கும் விபத்துக்கு மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் அது உண்டு. வேலை முடிந்து நண்பரைப் பார்க்க வேறு பக்கம் திரும்பிப் போன இடத்தில் அடிபட்டால் சிக்கல் வரும். “எனக்குச் சம்பளம் ஜாஸ்தி, எனக்கு சொக்சோ கிடையாது” என்று இன்னும் சில இளைஞர்கள் சொல்கிறார்கள். அது பழைய கணக்கு. 2016 ஜூனிலிருந்து சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் தனியார் ஊழியருக்குச் சந்தா கட்டாயம். 2024 அக்டோபரிலிருந்து கணக்கிடும் உச்சவரம்பு 6,000 வெள்ளி, அவ்வளவுதான். இல்லத்தரசிகளுக்கும் 2022 டிசம்பரிலிருந்து ஆண்டுக்கு 120 வெள்ளியில் சொக்சோ திட்டம் இருக்கிறது. சமையலறையில் வழுக்கி விழுவது விபத்தில்லையா என்ன?

அடுத்தது மருத்துவ அட்டை. இளம் தம்பதிகளிடம் நான் அதிகம் பார்க்கும் குழப்பம் இங்கேதான். பர்ஸில் அட்டை இருக்கிறது, மாதம் 200, 300 வெள்ளி போகிறது, ஆகவே கணவருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் வரும் என்று மனைவி நம்புகிறார். மருத்துவ அட்டை மருத்துவமனைக்குத்தான் பணம் கட்டும். ஆளே போய்விட்டால் அதன் வேலை முடிந்தது. குடும்பத்துக்குத் தொகை வர வேண்டுமானால் ஆயுள் காப்புறுதி வேண்டும். சில திட்டங்களில் இரண்டும் ஒன்றாக இணைந்திருக்கும். அப்படி இருந்தாலும் ஆயுள் தொகை எவ்வளவு என்று பாருங்கள். மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் வெள்ளி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பத்திரத்தின் உள்ளே மரணத் தொகை 10,000 வெள்ளி என்று சிறிய எழுத்தில் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்று மாத வீட்டுச் செலவுக்குக்கூட அது காணாது.

அட்டை கைக்கு வந்த மறுநாளே எல்லாம் செல்லும் என்பதும் தவறு. விபத்துக்கு உடனே செல்லும். மற்ற நோய்களுக்குப் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய், கட்டிகள், சிறுநீரகக் கல், குடலிறக்கம், மூலம் போன்று குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள். அட்டை எடுத்த மூன்றாம் மாதம் கல் அடைத்து வலியில் துடித்துக்கொண்டு போனவரை மருத்துவமனை திருப்பி அனுப்பவில்லை, முன்பணம் கேட்டது. காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் வரவில்லை என்பதுதான் காரணம். இந்த உத்தரவாதக் கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மறுக்கப்பட்டால் இழப்பீடே மறுக்கப்பட்டது என்று பொருள் இல்லை. அந்த நேரத்தில் நிறுவனத்திடம் போதுமான தகவல் இல்லை என்பதாகவும் இருக்கலாம். கையிலிருந்து கட்டிவிட்டு, மருத்துவர் அறிக்கையோடு பிறகு விண்ணப்பிக்கும் உரிமை இருக்கிறது. பலர் கோபத்தில் ரசீதைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சந்தா ஏறாது என்ற நம்பிக்கையை 2024ஆம் ஆண்டு உடைத்துவிட்டது. ஒரே கடிதத்தில் 40, 50 விழுக்காடு ஏற்றம் என்று வந்ததும் பென்ஷன்காரர்கள் கலங்கிப் போனார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி பேங்க் நெகாரா தலையிட்டு, ஏற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்றது. 60 வயதைத் தாண்டி, மிக அடிப்படைத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஓராண்டு ஏற்றம் கூடாது என்றும் சொன்னது. அது இடைக்கால ஏற்பாடு. மருத்துவச் சந்தா என்றைக்குமே நிலையானதாக எழுதித் தரப்பட்டதில்லை. பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. சந்தாவைக் குறைக்க வேண்டுமானால் ஒரு வழி, செலவில் ஒரு பங்கை நாமே ஏற்கும் திட்டம். 2024 செப்டம்பரிலிருந்து நிறுவனங்கள் இதை ஒரு தேர்வாகத் தர வேண்டும்: குறைந்தது 5 விழுக்காடு, அல்லது குறைந்தது 500 வெள்ளி நம் பங்கு. 20,000 வெள்ளி பில் என்றால் 5 விழுக்காடு 1,000 வெள்ளி. கையில் அவசரச் சேமிப்பு இருப்பவருக்கு இது நல்ல தேர்வு. மாதக் கடைசியில் பெட்ரோலுக்கே யோசிப்பவருக்கு, அந்த ஆயிரம் எங்கிருந்து வரும் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

‘36 நோய்’ திட்டம் வேறு. அது பில்லைக் கட்டாது. நோய் உறுதியானதும் ஒரு தொகையைக் கையில் தரும். வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்கு அந்தப் பணம்தான் சோறு. ஆனால் ‘புற்றுநோய்’ என்று மருத்துவர் சொன்னதும் பணம் வந்துவிடாது. பரவாத, ஆரம்பக் கட்டப் புற்றுநோயை வழக்கமான வரையறை விலக்கி வைத்திருக்கிறது. அதற்குத் தனித் திட்டம் எடுத்திருக்க வேண்டும். சிலாங்கூரில் வீட்டுக்கு வீடு வரும் டெங்கி அந்த 36இல் இல்லை. “ஐசியூவில் பத்து நாள் கிடந்தாரே” என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். எத்தனை நாள் கிடந்தார் என்பதை அந்தத் தாள் கேட்பதே இல்லை. என்ன நோய் என்றுதான் கேட்கும்.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. “முகவரே எல்லாம் நிரப்பிட்டார், நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்” என்பது இழப்பீட்டுப் பிரிவில் நான் ஆயிரம் தடவை கேட்ட வாக்கியம். சர்க்கரை இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் போட்டிருக்கும். கிளினிக்கில் ஐந்து வருடமாக மாத்திரை வாங்கிய பதிவும் இருக்கும். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் வாடிக்கையாளருக்கு ஓரளவு நியாயமாகவே இருக்கிறது. நிறுவனம் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். நாம் கவனத்தோடு உண்மையைச் சொல்ல வேண்டும். ஆயுள் காப்புறுதி இரண்டு ஆண்டுகளைத் தாண்டிவிட்டால், மோசடி என்று காட்டினால் ஒழிய, தவறான தகவலைக் காரணம் காட்டி நிறுவனம் அதை ரத்து செய்ய முடியாது. ஆகவே பத்திரம் கைக்கு வந்ததும் பிரிக்காமல் அலமாரியில் வைக்காதீர்கள். 15 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் படித்துப் பார்த்து வேண்டாம் என்றால் திருப்பித் தரலாம். படிவத்தின் நகலும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். தவறான டிக் இருந்தால் எழுத்து மூலம் திருத்தச் சொல்லுங்கள். சந்தா கூடலாம், கூடட்டும்.

வீட்டுக் கடனோடு வங்கி சேர்த்துத் தரும் எம்ஆர்டிஏ காப்புறுதியில் ஏமாந்தவர்கள் நம் தாமான்களில் நிறைய. இரண்டு விஷயங்கள். அந்தப் பணம் குடும்பத்துக்கு வருவதில்லை; வங்கிக் கடனுக்குப் போகிறது. ஆண்டுக்கு ஆண்டு தொகை குறைந்துகொண்டே வரும். அது தெரிந்தால் போதும். தெரியாமல் போவது இரண்டாவது விஷயம்: அது யார் உயிர் மேல்? கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கடன் வாங்குகிறார்கள், இரண்டு சம்பளமும் சேர்ந்துதான் தவணை. காப்புறுதி மட்டும் கணவர் பெயரில். செலவு குறையும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மனைவி இறந்துபோனால் கடனில் ஒரு வெள்ளியும் குறையாது. பாதி வருமானத்தோடு முழுத் தவணையையும் ஒருவர் சுமக்க வேண்டும். இன்று இரவே வீட்டில் அந்தக் கடிதத்தை எடுத்து, எந்தப் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கடைசியாக, நாமினி. பணம் யார் கைக்கு என்ற மூன்றாவது கேள்வி. என் அனுபவத்தில் குடும்பங்கள் உடைவது இங்கேதான்.

23 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி, முதல் சம்பளத்தில் ஒரு லட்சம் வெள்ளிக்கு ஆயுள் காப்புறுதி எடுக்கிறார். நாமினி யார் என்று முகவர் கேட்கிறார். “அம்மாதான், வேற யாரு?” 29 வயதில் கல்யாணம். ஒரு பெண் குழந்தை. 33 வயதில் அவர் இல்லை. இழப்பீட்டு முகப்பில் மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் கையில் திருமணச் சான்றிதழும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும். கல்யாணம் ஆனதும் எல்லாம் மனைவிக்கு மாறிவிடும் என்று அந்தப் பெண் நம்பியிருந்தார். அவர் மட்டுமல்ல, இறந்த தம்பியும் அப்படித்தான் நம்பியிருப்பார்.

சட்டம் அப்படி இல்லை. முஸ்லிம் அல்லாத ஒருவர் மனைவியையோ கணவரையோ பிள்ளையையோ நாமினியாக்கினால், அந்த மரணத் தொகை அவருக்கென்றே ஒப்படைக்கப்பட்ட அறக்கட்டளைப் பணமாகிவிடுகிறது. நியமிக்கும் நேரத்தில் துணையோ பிள்ளையோ இல்லாமலிருந்து பெற்றோரை நியமித்தாலும் அதேதான். ‘நியமிக்கும் நேரத்தில்’ என்பதைக் கவனியுங்கள். பின்னால் வரும் கல்யாணம் அதை ரத்து செய்வதில்லை. உயிலுக்கு நேர் எதிர் இது: 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி கல்யாணம் ஆனால் பழைய உயில் செல்லாமல் போகும். காப்புறுதி நாமினி அப்படியே நிற்பார். புதிதாக உயில் எழுதி அதை மாற்றவும் முடியாது. ஆகவே அந்த ஒரு லட்சம் முழுவதும் தாய்க்குத்தான் போனது. தாய் பேராசைக்காரர் இல்லை. மகன் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அவர் தலையில் இருந்தது. மருமகளுக்கும் வீட்டு வாடகை இருந்தது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது, பேச்சுவார்த்தைதான் நின்றுபோனது.

தம்பியையோ அக்காவையோ நண்பரையோ நாமினி போடுபவர்களுக்கு வேறு கதை. அவர்கள் பணத்தை வாங்குவது சொந்தத்துக்கு அல்ல. உயில் இருந்தால் உயில்படி, இல்லையென்றால் 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி பிரித்துக் கொடுக்க வேண்டிய நிர்வாகிகள் மட்டுமே. அந்தச் சட்டத்தின் கணக்கு: பெற்றோர், துணை, பிள்ளைகள் மூவரும் இருந்தால் துணைக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். “அண்ணன் பேரில் போட்டிருக்கு, அவர் பார்த்துப்பார்” என்று இருப்பதும், “என் பேரில் இருக்கு, எனக்குத்தான்” என்று அண்ணன் நினைப்பதும் இரண்டுமே தவறு. முஸ்லிம் நண்பர்களுக்கு நாமினி நிர்வாகி என்ற நிலையில் வாங்கி, பராயிட் முறைப்படி பிரிப்பார்.

குழந்தை பெயரில் போடுவது இன்னொரு வழக்கம். 18 வயதுக்குக் கீழே இருந்தால் அந்தக் குழந்தைக்காகப் பணத்தை வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். நீங்களே ஓர் அறங்காவலரை நியமிக்கலாம். நியமிக்காவிட்டால் உயிரோடிருக்கும் தாயோ தந்தையோ அந்த இடத்துக்கு வருவார். விவாகரத்தானவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

சரி, அம்மாவை நாமினி போட்டவர் கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற முடியுமா? முடியும். ஆனால் அது அறக்கட்டளைப் பணமாகிவிட்டதால் அறங்காவலரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். தனியாக யாரையும் நியமிக்கவில்லையென்றால் அந்த அறங்காவலர் அம்மாவேதான். அதாவது பெற்ற தாயிடம் போய், “அம்மா, இதுல ஒரு கையெழுத்து போடுங்க” என்று கேட்க வேண்டும். நம் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. மருமகள் வந்ததும் மகன் மாறிவிட்டான் என்ற பேச்சுக்கு இந்த ஒரு தாளே போதும். அதனால்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

நான் சொல்லும் யோசனை இதுதான்: அம்மாவை எடுத்துவிட்டு மனைவியைப் போடாதீர்கள். பிரியுங்கள். நாமினி பலர் இருக்கலாம்; ஒவ்வொருவருக்கும் இத்தனை விழுக்காடு என்று எழுதலாம். எழுதாவிட்டால் சரிபாதியாகப் போகும். அம்மாவுக்கு மருந்துச் செலவுக்கு 30, மனைவி பிள்ளைக்கு 70 என்று மகனே தாயிடம் உட்கார்ந்து சொன்னால், கையெழுத்துப் போடாத அம்மாவை நான் இதுவரை பார்த்ததில்லை. அதுவும் கஷ்டம் என்றால் பழையதை அப்படியே அம்மாவுக்கு விட்டுவிட்டு, மனைவியை நாமினியாகப் போட்டு ஆயுள் காப்புறுதி மட்டும் தனியாக ஒன்று எடுக்கலாம். முப்பது வயதில், முதலீடு எதுவும் சேர்க்காத வெறும் ஆயுள் காப்புறுதிக்குச் சந்தா நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். முதலீட்டோடு இணைந்த திட்டத்தை முகவர் நீட்டினால், ‘80 வயது வரை’ என்பது உறுதிமொழியா, கணிப்பா என்று கேளுங்கள். சந்தாவைக் கட்டிக்கொண்டே இருந்தும், காப்புறுதிக் கட்டணம் வயதோடு ஏறி, யூனிட்டுகள் கரைந்து, பாதியில் நின்றுபோகும் திட்டங்கள் உண்டு.

விண்ணப்பித்தும் இழப்பீடு மறுக்கப்பட்டு, அது நியாயமில்லை என்று பட்டால், முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி இறுதி முடிவைக் கடிதமாகக் கேளுங்கள். பிறகு நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது எஃப்எம்ஓஎஸ் என்ற பெயரில் இயங்குகிறது. 250,000 வெள்ளி வரையிலான காப்புறுதிப் புகார்களை விசாரிக்கும். நமக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அவர்கள் தீர்ப்பை நாம் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் கட்டுப்பட வேண்டும். ஏற்காவிட்டால் நீதிமன்றக் கதவு நமக்குத் திறந்தே இருக்கும். ஆனால் நிறுவனத்தின் இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். துக்க வீட்டில் ஆறு மாதம் ஓடுவது தெரியாது. ஆகவே கடிதம் வந்த அன்றே அதன் மேல் தேதியைப் பேனாவால் எழுதி, அந்த பிஸ்கட் டின்னுக்குள் போடாமல் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.